முட்டிக்கு ஊசி: தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளினிக் போய்த் திரும்பும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மாவின் வலது முட்டிக்கு முதல் ஊசி போட்ட அன்று நாங்கள் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தோம். இரத்தத்தில் சீனி பார்க்காமல் போனோம். பழைய எக்ஸ்ரே வீட்டிலேயே கிடந்தது. நீரை எடுத்து ஊசி போட்டதும் கால் லேசாகிவிட்டது என்று அம்மா மறுநாள் காலையில் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய், கூடையைப் போட்டுக்கொண்டு மலையேறிவிட்டார். மூன்றாம் நாள் முட்டி மறுபடி வீங்கியது. சீனி 300ஐத் தாண்டியது. “ஊசி சரியில்லை” என்று லயம் (நாங்கள் இருக்கும் வரிசை வீடுகள்) முழுக்கப் பேச்சானது.

ஊசியில் குறையில்லை. செய்த வரிசைதான் பிழை. அதற்குப் பிறகு எங்கள் லயத்திலிருந்தும் பக்கத்து டிவிஷனிலிருந்தும் பதினொரு பேரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். நல்ல பலன் கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் பெரும்பாலும் போட்டது ஒரே மருந்துதான். முன்னும் பின்னும் செய்ததில்தான் வித்தியாசம். நான் டொக்டர் இல்லை. யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பது டொக்டர் முடிவு செய்ய வேண்டியது. அந்த முடிவுக்கு முன்னும் பின்னும் நம் கையில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. எந்த ஊசியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தோட்டத்தில் “வலிக்கு ஊசி போட்டேன்” என்றால் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கும். ஒன்று, டவுனில் தனியார் டிஸ்பென்சரியில் இடுப்பிலோ கையிலோ போடுவது. அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்து இருக்கும். சில வேளை டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் இருக்கும். அது உடம்பு முழுக்கப் பரவி ஓரிரு நாள் வலியை அமர்த்தும். சம்பளம் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் அதைப் போட்டுக்கொண்டே போனால் வயிற்றுப் புண்ணும் பிரஷரும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். ஸ்டீராய்டாக இருந்தால் சீனி ஏறும், எலும்பும் பலவீனமாகும். எங்கள் அம்மாவே இரண்டு வருடம் அப்படிப் போட்டவர். என்ன மருந்து என்று ஒரு துண்டில்கூட யாரும் எழுதித் தரவில்லை.

மற்றது, மூட்டுக்குள்ளேயே போடும் ஊசி. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கு வழக்கமாகப் பயன்படுத்துவது ட்ரையம்சினோலோன் அல்லது மெதில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. கூடவே பெரும்பாலும் லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தும் சேரும். மூட்டுக்குள் இருக்கும் அழற்சியை ஸ்டீராய்டு அடக்கும். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது.

தனியாரில் சனல் பண்ணி (காசு கட்டி நம்பர் எடுத்து) டொக்டரிடம் போகிறவர்களிடம், மூட்டு வழுக்கலாக இருக்கப் போடும் “ஜெல் ஊசி” பற்றியும், சொந்த இரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. பற்றியும் சொல்வார்கள். இரண்டுக்கும் செலவு அதிகம். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டல்களை எழுதும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டல், மூட்டுத் தேய்வுக்கு ஜெல் ஊசி போட வேண்டாம் என்றே சொல்கிறது. பி.ஆர்.பி. பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நகையை அடகு வைத்து இவற்றைப் போட வேண்டாம் என்பதே என் கருத்து. போடத்தான் போகிறீர்கள் என்றால், கோழி, முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலில் சொல்லுங்கள். சில ஜெல் மருந்துகளைச் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கிறார்கள்.

2. வலி எந்த வகை என்று கவனியுங்கள்

கிளினிக் போவதற்கு முன் ஒரு வாரம் இதைக் குறித்து வையுங்கள். டொக்டர் கேட்கும் முதல் நாலு கேள்விக்கும் பதில் இதில் இருக்கும்.

காலையில் எழும்பும்போது விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது? அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிட்டு, மலை இறங்கும்போதும் குந்தும்போதும் வலி கூடினால் அது தேய்வு வலியாக இருக்கலாம். அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு நீடித்து, இரண்டு கை விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் சேர்ந்து வீங்கினால் அது ருமட்டொயிட் வாதமாக இருக்கக்கூடும். அதற்கு நாள்பட்ட மாத்திரை வேண்டும். ஒரு மூட்டில் ஊசி போட்டு நிறுத்திக்கொண்டால் மற்ற மூட்டுகள் உள்ளுக்குள் அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரே மூட்டு திடீரென்று வீங்கி, தொட்டால் சுடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே கிருமி இருக்கலாம். கிருமி இருக்கும் மூட்டில் ஸ்டீராய்டு போடவே கூடாது.

கொழுந்து எடுப்பவர்களுக்கு இன்னொன்று. விரல் மடங்கி, நிமிர்த்தும்போது “டக்” என்று விடுபடுகிறதா? அது விரலை மடக்கும் தசைநாண் போகும் உறையில் வரும் சிக்கல். அதற்கும் சிறிய அளவில் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள், பலருக்கு நன்றாகவே கேட்கிறது. வயதுக்கோளாறு என்று சும்மா இருந்துவிடாமல் அதையும் காட்டுங்கள்.

3. நேராக ஊசி கேட்டுப் போகாதீர்கள்

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி ஒரு கடிதம் வாங்குங்கள். அதோடு பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் ஓ.பி.டி.க்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) போனால், அங்கிருந்து எலும்பு கிளினிக்குக்கோ வாத நோய் கிளினிக்குக்கோ அனுப்புவார்கள். டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை என்று எங்கே அனுப்பினாலும், எந்தக் கிழமை என்று துண்டில் எழுதி வாங்குங்கள். அந்தத் திகதி போயா நாளில் விழுகிறதா என்று கலண்டரில் பாருங்கள். ஹட்டன் பஸ்ஸில் விடியக்காலை போய்ப் பூட்டிய கிளினிக் கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள்.

தேய்வு வலி என்றால் டொக்டர் முதலில் மாத்திரையும் பூசும் மருந்தும் உடற்பயிற்சியும்தான் சொல்வார். “ஊசி போடாமல் அனுப்பிவிட்டார்” என்று கோபப்பட வேண்டாம். அதெல்லாம் கேட்காதபோதோ, வலியால் பயிற்சியே செய்ய முடியாதபோதோதான் ஊசிக்கு வேலை.

4. முதல் நாள் இரவு ஒரு பையில் எடுத்து வையுங்கள்

கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே, கடைசியாக எடுத்த சீனி ரிப்போர்ட். குடிக்கும் மாத்திரைகளை உறையோடு அப்படியே போடுங்கள். “வெள்ளை மாத்திரை, சின்னது” என்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது.

முட்டிக்கு மேல் லேசாகத் தூக்கக்கூடிய பாவாடையோ சாரமோ உடுத்திப் போங்கள். இறுக்கமான களிசான் போட்டு வந்த ஒரு அண்ணனை, திரைக்குப் பின்னால் போய் மாற்றி வரச் சொன்னார்கள். மாற்றுத் துணி இல்லாததால் அவருடைய நம்பர் கடைசிக்குப் போனது.

கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். ஊசி போட்ட காலோடு பஸ் படி ஏறுவது கஷ்டம்.

சில சிங்களச் சொற்களைத் தெரிந்து வையுங்கள். தணஹிஸ என்றால் முட்டி. ரிதெனவா என்றால் வலிக்கிறது. இதிமும வீக்கம், உண காய்ச்சல், தியவெடியாவ சீனி வியாதி. தமிழ் தெரிந்த மிஸ்ஸி (நர்ஸ்) இருக்கும் நாளில் சிக்கல் இல்லை. இல்லாத நாளில் சீனி வியாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அதன் விளைவு நம் உடம்பில்தான்.

5. முட்டித் தோலைப் பாருங்கள்

யாரும் கவனிக்காதது இது. பக்கத்து லயத்துப் பெரியம்மா ஒருவர் இரண்டு மாதம் காத்திருந்து திகதி எடுத்தார். கட்டிலில் படுத்தாயிற்று, மிஸ்ஸி தட்டைக் கொண்டுவந்து வைத்தாயிற்று. டொக்டர் பாவாடையை விலக்கிப் பார்த்தார். முட்டிச்சில்லுக்கு இரண்டு விரல் கீழே அட்டை கடித்த இடம். சொறிந்து சொறிந்து மஞ்சளாகப் பொருக்குக் கட்டி, சுற்றிவர ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. டொக்டர் விரலால் ஒருமுறை தொட்டார். பெரியம்மா முகத்தைச் சுளித்தார். தட்டை அப்படியே எடுத்துப் போய்விட்டார்கள். அடுத்த திகதி ஒரு மாதம் கழித்துத்தான் கிடைத்தது.

காரணம் நேரானது. தோலில் கிருமி இருந்தால் ஊசி முனையோடு அதுவும் மூட்டுக்குள் போகும். அங்கே போன கிருமி சில நாட்களில் மூட்டையே அழித்துவிடும். அதனால் திகதிக்கு இரண்டு வாரம் முன்பே முட்டியைச் சுற்றிப் பாருங்கள். அட்டைக்கடி, தேயிலை வாது கீறிய காயம், இடுப்பில் கட்டும் படங்கு உரசிய புண் எது இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி, சொறியாமல் ஆறவிடுங்கள். மழைக்காலத்தில் மலைக்குப் போவதென்றால் நீளமான மேஸ் (காலுறை) போட்டுக்கொள்ளுங்கள். தைலம், மூலிகைப் பற்று, மஞ்சள் அரைத்துப் பூசுவது எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். தோல் வெந்தோ சிவந்தோ இருந்தால் டொக்டருக்குச் சந்தேகம் வரும்.

6. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை

சீனி வியாதி. இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் வோர்ஃபரின் போன்ற மாத்திரை; அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், சொன்னால் போதும், டொக்டர் பார்த்துக்கொள்வார். முன்பு காசநோய்க்கு மருந்து எடுத்தது. பல் பிடுங்கும்போது போட்ட மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனது. கர்ப்பம், பால் கொடுப்பது. இந்த வாரம் வந்த காய்ச்சல், சிறுநீர் எரிவு, பல் சீழ். மூன்று மாதத்துக்குள் இதே மூட்டில் வேறு எங்காவது ஊசி போட்டிருந்தால் அதுவும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் நம் ஆட்கள் மறைக்கிறார்கள். வெளியே போட்டது தெரிந்தால் டொக்டர் ஏசுவார் என்ற பயம். ஏசினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

7. ஊசி போடும் நேரம்

ஐந்து நிமிட வேலை. படுக்க வைத்து, முட்டிக்குக் கீழே ஒரு சுருட்டிய துணி வைப்பார்கள். தோலை மருந்தால் இரண்டு மூன்று முறை துடைப்பார்கள். துடைத்த இடத்தைத் தொட்டுக் காட்டாதீர்கள். முழுவதையும் மறுபடி துடைக்க வேண்டி வரும். பெரும்பாலும் முட்டிச்சில்லின் பக்கவாட்டில் ஊசி போகும். காலை விறைக்காமல் தொடையைத் தளர்த்தி விடுங்கள். இறுக்கினால் சில்லு எலும்போடு ஒட்டிக்கொள்ளும், ஊசி போக இடம் இருக்காது.

வீக்கம் இருந்தால் முதலில் நீரை இழுப்பார்கள். தேய்வு வலியில் அது வெளிறிய மஞ்சளாக, கண்ணாடி போல் இருக்கும். கலங்கலாக வந்தால் அதைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அன்று ஸ்டீராய்டு போடாமல் விடுவார்கள். அது உங்கள் நன்மைக்கே.

எழும்பியவுடன் கிளம்பாதீர்கள். கால் மணித்தியாலமாவது வாங்கில் உட்காருங்கள். சிலருக்குத் தலை சுற்றும். அந்த நேரத்தில் கொப்பியில் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தக் கால் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மிஸ்ஸியிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

8. முதல் மூன்று நாள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

போட்ட சில மணித்தியாலங்களுக்கு வலியே இருக்காது. அது ஸ்டீராய்டின் வேலை இல்லை, மரப்பு மருந்தின் வேலை. மூட்டு குணமாகியிருக்காது, உணர்ச்சிதான் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் விறகு தூக்கினாலும் தண்ணீர்க் குடம் சுமந்தாலும், மருந்து வேலை செய்ய வேண்டிய மூட்டையே புண்ணாக்குகிறீர்கள். ஸ்டீராய்டு தன் வேலையைத் தொடங்கச் சில நாள் ஆகும், சிலருக்கு ஒரு வாரமும் எடுக்கும்.

மரப்பு விட்ட பிறகு, அன்றிரவோ மறுநாளோ சிலருக்கு வலி முன்பைவிடக் கூடும். ஓரிரு நாளில் தானாக அடங்கும். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போடுங்கள். நம் பக்கத்துப் பீலித் தண்ணீரே போதும், ஐஸ் தேட வேண்டியதில்லை. டொக்டர் எழுதிக் கொடுத்த பரசிட்டமோலை அவர் சொன்ன அளவில் குடியுங்கள். சூடு ஒத்தடம், எண்ணெய் தேய்த்து உருவுவது இரண்டும் வேண்டாம்.

இரண்டு நாளாவது பாரம் தூக்காமல், மலை ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். வீட்டுக்குள் நடக்கலாம். படுத்தே கிடக்கவும் வேண்டாம். ஊசி போட்ட இடத்தை ஒரு நாள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் (இரண்டு நாள் சம்பளம்) போகுமே என்ற கவலை எனக்குத் தெரியும். அதனால் கிளினிக் நாள் வியாழனோ வெள்ளியோ கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்; ஞாயிறையும் சேர்த்தால் இழப்பு குறையும். லீவுக்கு மெடிக்கல் சான்றிதழ் வேண்டும் என்றால் ஊசி போட்ட அன்றே கேளுங்கள். பிறகு அதற்காக ஒரு நாள் பஸ் ஏற வேண்டாம்.

முகம் சிவந்து சூடாவது, மாதவிடாய் முன்பின்னாக வருவது இரண்டும் இந்த மருந்தால் நடக்கும், சில நாளில் சரியாகும். மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு இரத்தம் பட்டால் மட்டும் ஊசியால்தான் என்று விட்டுவிடாமல் டொக்டரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துச் சின்னக் குழி விழுவதும் உண்டு. அதனால் ஆபத்து இல்லை.

9. சீனி வியாதி உள்ளவர்களுக்கு

சீனி மிக உயர்ந்திருந்தால் டொக்டர் ஊசியைத் தள்ளிப் போடுவார். அதனால் ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல், சீனி ஏறியே இருக்கும். மாத்திரையை விடாமல் குடியுங்கள். சீனி போட்ட பிளேன்டீயை அந்த வாரமாவது விடுங்கள். டிஸ்பென்சரியிலோ டவுனிலோ இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் சீனி பாருங்கள். தாகம் அடங்காமல், அடிக்கடி சிறுநீர் போனால் உடனே காட்டுங்கள். இன்சுலின் போடுபவர்கள், அளவு கூட்ட வேண்டுமா என்று ஊசி போடும் அன்றே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

10. எப்போது ஓட வேண்டும்

வலி இரண்டு நாளுக்குப் பிறகு குறையாமல் ஏறிக்கொண்டே போவது, முட்டி சிவந்து சுடுவது, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வருவது, காலை ஊன்றவே முடியாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுக்குள் கிருமி போவது மிக அரிது. போனால் ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். லயத்துக்கு ஏறும் பாதை மோசம் என்றால் ஆளை மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து, எந்தக் கோயில் அல்லது கடைக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி கையில் இருக்கட்டும்.

11. வலி குறைந்த வாரங்களில் தொடையைப் பலப்படுத்துங்கள்

நான் முன்னே சொன்ன நைஸ் வழிகாட்டல், இந்த ஊசியின் சுகம் 2 முதல் 10 வாரம் வரைதான் என்று சொல்கிறது. உடற்பயிற்சிக்குத் துணையாகவும் அதைப் போடலாம் என்கிறது. எங்கள் பதினொரு பேரில் நான் கண்டதும் இதுவே. அந்த வாரங்களில் தொடையைப் பலப்படுத்தியவர்களுக்கு மருந்து தீர்ந்த பிறகும் கால் நின்றது. சும்மா இருந்தவர்களுக்கும், இரண்டு மடங்கு கொழுந்து எடுத்தவர்களுக்கும் பழைய வலி அப்படியே திரும்பியது. முன்தொடைச் சதை பலமாக இருந்தால் முட்டியின் பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கும்.

மூன்றாம் அல்லது நாலாம் நாளிலிருந்து தொடங்குங்கள். கிளினிக்கில் பிசியோதெரபி துண்டு கொடுத்தால் கட்டாயம் போங்கள். போக முடியாவிட்டால் இந்த மூன்றும் போதும்.

முதலாவது, பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, அதை முட்டியால் கீழே அமுக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்து முறை.

இரண்டாவது, இஸ்தோப்பில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. வலிக்காத காலையும் விடாதீர்கள், நாள் முழுக்க அதுதான் கூடுதலாகச் சுமந்தது.

மூன்றாவது, கொஞ்சம் உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழும்பி உட்காருங்கள். ஐந்தில் தொடங்கிப் பத்துக்கு வாருங்கள். இது மூன்றிலும் கஷ்டமானது. வலி வந்தால் சில நாள் தள்ளிப் போடுங்கள்.

காலையும் மாலையும் செய்ய வேண்டும். அம்மா முதலில் சிரித்தார்: “மலை ஏறி இறங்குறேனே, இது வேறயா?” மலை இறங்கும்போது முட்டி அடி வாங்குகிறது. இந்தப் பயிற்சியில் அடி இல்லாமல் சதை மட்டும் வேலை செய்கிறது. அதை விளங்கிக்கொண்ட பிறகு, காலையில் தேத்தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பும்போது முதல் இரண்டு வாரம் சரிவு குறைந்த மலை தரும்படி கங்காணியிடம் கேளுங்கள். கூடை நிறையும் வரை காத்திருக்காமல் இடையில் ஒருமுறை கொட்டுங்கள். கம்பு பிடிப்பதாக இருந்தால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். குந்தும் கக்கூசுக்குள் பிடித்து எழும்ப, சுவரில் ஒரு குறுக்குக் கட்டை அடித்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு கட்டை அம்மாவுக்கு ஊசி அளவுக்கு உதவியது.

12. அடுத்த ஊசிக்குக் கணக்கு வையுங்கள்

ஒரே மூட்டில் இரண்டு ஊசிக்கு இடையில் குறைந்தது 3 மாதம் விடுவது வழக்கம். வருடத்துக்கு 3, 4க்கு மேல் போடுவதில்லை. அந்த அளவுக்குக்கூட வருடக்கணக்கில் போடுவது நல்லதல்ல. 2017இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில், முட்டித் தேய்வு உள்ள 140 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் ட்ரையம்சினோலோனும் மற்றவர்களுக்கு உப்பு நீரும் 2 வருடம் போட்டார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது. வலியில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் வலி இல்லாதபோது “திகதி வந்துவிட்டது” என்று போடாதீர்கள்.

கிளினிக்கில் டொக்டர்மார் மாறிக்கொண்டே இருப்பார்கள். கணக்கு நம்மிடம்தான் இருக்க வேண்டும். அம்மாவின் கொப்பியின் உள் அட்டையில் அடிமட்டம் வைத்து ஐந்து கோடு கீறியிருக்கிறேன்: திகதி, எந்தக் கால், மருந்தும் அளவும், எத்தனையாம் நாள் வலி குறைந்தது, எத்தனை வாரம் நின்றது. போன முறை புதிதாக வந்த டொக்டர் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தார். முதல் ஊசி ஒன்பது வாரம், இரண்டாவது ஏழு, மூன்றாவது மூன்று. ஊசி எழுதாமல், நிற்க வைத்துப் புது எக்ஸ்ரே எடுக்க எழுதினார்.

இப்படிக் குறைந்துகொண்டே வந்தால் முட்டி மாற்றும் ஒப்பரேஷன் பற்றி நீங்களே பேச்செடுங்கள். ஒப்பரேஷனுக்கு முந்திய 3 மாதத்துக்குள் அந்த முட்டியில் ஸ்டீராய்டு போட்டால் கிருமி பிடிக்கும் அபாயம் கூடும். பட்டியலில் பெயர் இருக்கிறது என்றால், “இடையில் ஒரு ஊசி” கேட்பதற்கு முன் ஒப்பரேஷன் திகதியைச் சொல்லுங்கள்.